தலைமுறை எண்ணும் தொண்டைக் கிருமியும்

வைத்திய உலகத்திலும் அதனை அடுத்துள்ள மருந்துக்கடை உலகத்திலும் ஓர் அபிப்பிராயம் நெடுங்காலமாக வேரூன்றி, ஏன் என்று கேட்பார் இன்றி வளர்ந்து, இன்று சந்தேகத்துக்கு இடமில்லாத சித்தாந்தம் போலவே நடமாடி வருகிறது. செஃபலோஸ்போரின் என்னும் மருந்துக் குடும்பத்தில் முதல் தலைமுறையைச் சேர்ந்தவை பழையவை, ஆதலால் பலவீனமானவை. இரண்டாம் தலைமுறை அவற்றினும் மேல். மூன்றாம் தலைமுறையோ அதனினும் மேல். ஆகவே தொண்டை சிவந்து காய்ச்சலோடு வரும் குழந்தைக்குச் செஃபலெக்சின் எழுதுகிறவர் காலத்தோடு ஒட்டாதவர், செஃபிக்ஸிம் எழுதுகிறவர் விஷயம் தெரிந்தவர், பெனிசிலின் இனத்தை எழுதுகிறவர் காட்சிசாலையில் வைக்கத்தக்கவர் என்பதே அந்த அபிப்பிராயம். நோயாளியின் தகப்பனாரும் "கொஞ்சம் பவரான மாத்திரையாக எழுதுங்கள், டாக்டர்" என்கிறார். டாக்டரும் பல சமயங்களில் அந்த வேண்டுகோளுக்கு இசைந்துவிடுகிறார். தொண்டைப்புண்ணுக்குக் காரணமான கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆக இருக்கும் வரையில் இந்தப் படிவரிசைக்கு எவ்வித ஆதாரமும் இல்லை என்பதும், சில இடங்களில் உண்மை இதற்கு நேர் விரோதமாகவே இருக்கிறது என்பதும் என் கட்சி.

முதலில், இந்தத் தலைமுறைக் கணக்கு எதை வைத்துப் போடப்பட்டது என்று பார்ப்போம். கிராம் என்பவரின் சாயமுறைப்படி கிருமிகளை இரண்டு பெரும் வகுப்பாகப் பிரிப்பது வழக்கம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிராம் பாசிட்டிவ் வகுப்பைச் சேர்ந்தது, ஈ. கோலை, டைபாய்டு கிருமி, சூடோமோனாஸ் முதலியவை கிராம் நெகட்டிவ் வகுப்பைச் சேர்ந்தவை. செஃபலோஸ்போரின்களில் ஒன்று எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதை, அது வெளிவந்த காலத்தோடு, கிராம் நெகட்டிவ் கிருமிகளின் மேல் அதற்குள்ள ஆட்சி எவ்வளவு விரிவானது என்பதை வைத்தே பெரும்பாலும் நிர்ணயித்தார்கள். ஆக, மூன்றாம் தலைமுறை என்று ஒரு மருந்துக்குச் சொல்லும்போது ஈ. கோலையைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கிறோம்; ஸ்ட்ரெப்டோகாக்கஸைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு வகுப்புக் கிருமிகளுக்காகப் போட்ட வரிசையை மற்றொரு வகுப்பின் மேல் ஏற்றிவைத்து, அதைச் சக்தியின் அளவுகோலாகக் கொண்டாடுவதுதான் இந்தப் பிழையின் மூலம்.

இந்த மருந்துகளின் பிறப்பு வரலாறும் இதையே உறுதிப்படுத்துகிறது. இத்தாலிக்குச் சொந்தமான சார்டினியாத் தீவில் காலியாரி நகரத்துப் பேராசிரியராக இருந்த ஜியுசெப்பே ப்ரோட்சு, 1945இல், நகரத்தின் கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்திலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். கழிவுநீர் கலந்த அந்த நீர் எப்படித் தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்கிறது என்பதே அவரைத் தூண்டிய கேள்வி. அவர் மனத்தில் இருந்த பகை டைபாய்டு. அந்தப் பூஞ்சை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே எட்வர்டு ஆபிரகாமும் கை நியூட்டனும் 1953இல் செஃபலோஸ்போரின் சி என்னும் பொருளை இனங்கண்டார்கள். இயல்பில் அது மிக வலுக் குறைந்த பொருள். ஆனாலும் அதற்கு ஏற்பட்ட மதிப்புக்கு ஒரு காரணம் இருந்தது. அந்நாளில் ஆஸ்பத்திரிகளைக் கலக்கிக்கொண்டிருந்த ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி, பெனிசிலினைச் சிதைக்கும் ஒரு நொதியைச் சுரந்து தப்பித்துக்கொண்டிருக்க, செஃபலோஸ்போரின் சி மட்டும் அந்த நொதிக்கு அடிபணியாமல் நின்றது. டைபாய்டைத் தேடிப் புறப்பட்டு ஸ்டஃபைலோகாக்கஸில் வந்து முடிந்த இந்தக் கதையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு ஒரு பாத்திரமும் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. அதை அடக்கப் பெனிசிலின் ஏற்கெனவே கையில் இருந்தது.

இனி ரசாயனத்துக்கு வருவோம். கிருமி தன் உடலைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்வதற்குச் சில புரதங்கள் வேலை செய்கின்றன. பெனிசிலினும் செஃபலோஸ்போரினும் அப்புரதங்களைப் பற்றிக்கொண்டு அந்த வேலையை நிறுத்துகின்றன. கிராம் நெகட்டிவ் கிருமிக்கு வெளிப்புறத்தில் மேலும் ஒரு சவ்வு உண்டு. மருந்தைச் சிதைக்கும் நொதிகளும் பலவாறு உண்டு. பின்வந்த செஃபலோஸ்போரின்களில் வேதியியலார் செய்த அருமையான திருத்தங்கள் எல்லாம், பக்கச் சங்கிலிகளை மாற்றி மாற்றி, அந்தச் சவ்வை ஊடுருவவும் அந்த நொதிகளைத் தாங்கவும் செய்த திருத்தங்களே. ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கோ வெளிச்சவ்வு இல்லை. மருந்தைச் சிதைக்கும் பீட்டா லாக்டமேஸ் என்னும் நொதியும் இல்லை. இல்லாத கோட்டைக்கு எதிராகப் பீரங்கி வார்ப்பதில் என்ன லாபம்? செஃபிக்ஸிமோடு கிளாவுலானிக் அமிலத்தையும் சேர்த்து, இரட்டைப் பலம் என்று விற்கும் மாத்திரைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம்: கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியை முடக்குவதற்காக ஏற்பட்டது, நொதியே இல்லாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் விஷயத்தில் அது விலையைக் கூட்டும், வயிற்றைக் கலக்கும், வேறொன்றும் செய்யாது.

திருத்தங்கள் லாபமில்லாமல் போவது மட்டும் அல்ல, சில இடங்களில் நஷ்டமாகவும் முடிகின்றன. செஃப்டசிடிம் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்ததே. சூடோமோனாஸை அடக்கவேண்டும் என்பதற்காக அதன் பக்கச் சங்கிலியில் ஓர் அமிலத் தொகுதியைச் சேர்த்தார்கள். சூடோமோனாஸ் அடங்கியது, ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மேல் அதற்கு இருந்திருக்கக்கூடிய கூர்மை மழுங்கியது. அதே தலைமுறையில், அதே அந்தஸ்தில் உள்ள செஃபோடாக்சிமும் செஃப்ட்ரையாக்சோனும் ஸ்ட்ரெப்டோகாக்கஸை மிகச் சிறிய அளவிலேயே அடக்கிவிடுகின்றன. செஃப்டிபியூட்டன் என்னும் மூன்றாம் தலைமுறை மாத்திரையோ தொண்டையிலுள்ள ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸை ஓரளவு அடக்கும். அதே இனத்தைச் சேர்ந்த நிமோகாக்கஸிடமும் பி பிரிவிடமும் அதன் ஜம்பம் சாயாது. ஒரே தலைமுறைக்குள் இவ்வளவு தூரம் மேடும் பள்ளமும் இருக்கும்போது, தலைமுறையின் எண்ணைக் கொண்டு பலத்தை அளப்பது எப்படிப் பொருந்தும் என்பதைப் பிரதிவாதிகள்தாம் விளக்கவேண்டும்.

இங்கே எதிர்க்கட்சியில் ஆய்வகப் பழக்கம் உள்ள ஒருவர் எழுந்து, எம்.ஐ.சி. கணக்கைக் காட்டலாம். எம்.ஐ.சி. என்பது சோதனைக் குழாயில் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த மருந்தளவு. எண் சிறியதாக இருந்தால் கிருமி அந்த மருந்துக்கு அதிகமாக வசப்படுகிறது என்று பொருள். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குச் செஃபலெக்சினின் எம்.ஐ.சி. மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ அரை மைக்ரோகிராமும் அதற்குச் சற்று மேலும் இருக்க, செஃபிக்ஸிமுக்கு அது கால் மைக்ரோகிராமும் அதற்குக் குறைவுமாக இருக்கிறது. இது மூன்றாம் தலைமுறையின் மேன்மையைக் காட்டவில்லையா என்று அவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, எண்களும் சரியானவையே. ஆனால் கணக்கு பாதியில் நின்றுவிட்டது. 500 மில்லிகிராம் செஃபலெக்சினை விழுங்கிய ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு மில்லிலிட்டருக்குச் சுமார் 18 மைக்ரோகிராம் வரை ஏறுகிறது. அதில் மிகச் சிறு பகுதியே இரத்தப் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. 400 மில்லிகிராம் செஃபிக்ஸிம் சுமார் 4 மைக்ரோகிராமைத்தான் எட்டுகிறது. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு புரதத்தில் கட்டுண்டு கிடக்க, எஞ்சியதே கிருமியோடு பொருதுகிறது. மறுபக்கம், செஃபலெக்சின் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடுகிறது, செஃபிக்ஸிம் மூன்று நான்கு மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அதனால்தான் ஒன்றை நாளில் பலமுறையும் மற்றதை ஒருமுறையோ இருமுறையோ கொடுக்கிறோம். இவ்வகை மருந்துகளுக்கு, எம்.ஐ.சி.க்கு மேலான அளவு எத்தனை நேரம் நீடிக்கிறது என்பதே முக்கியம். அந்தப் பரீட்சையில் தொண்டைக் கிருமியைப் பொறுத்தவரை இரண்டும் தேறிவிடுகின்றன. தேறிய இருவரில் ஒருவருக்கு மட்டும் "அதிக சக்திமான்" என்ற பட்டத்தைச் சூட்டுவது எந்த நியாயம்?

அந்த எம்.ஐ.சி. வரிசையை மேலும் கீழே வாசித்திருந்தால், பிரதிவாதிக்கு வேறொரு சங்கடம் காத்திருந்திருக்கும். அதே கிருமிக்குப் பெனிசிலினின் எம்.ஐ.சி. மில்லிலிட்டருக்கு 0.016 மைக்ரோகிராமும் அதற்குக் குறைவுமே. மாத்திரையாக விழுங்கும் செஃபலோஸ்போரின்களில் எத்தனையோ உயர்வாகப் பேசப்படுபவையும் இந்த எண்ணுக்குப் பின்னால்தான் நிற்கின்றன. பெனிசிலின் பொதுப் பிரயோகத்துக்கு வந்து எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இத்தனை காலத்திலும், கோடிக்கணக்கான முறை அடிபட்ட பிறகும், பெனிசிலினை மெய்யாகவே எதிர்த்து நிற்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எந்த நோயாளியிடமிருந்தும் வைத்திய உலகத்துக்குக் கிடைக்கவில்லை. கிருமிகளின் சரித்திரத்தில் இதற்கு ஒப்பான விசுவாசத்தை வேறெங்கும் காண்பது அரிது. ஆய்வகங்களும் இதை அறிந்தே நடக்கின்றன: ஏ பிரிவுக் கிருமிக்குச் செஃபலோஸ்போரின்களைத் தனித்தனியே சோதிக்காமல், பெனிசிலினுக்கு வசப்படுகிறது என்று கண்டதும், தகுதியுள்ள செஃபலோஸ்போரின்களுக்கும் வசப்படும் என்று எழுதிவிடுகிறார்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டில் செஃபலோஸ்போரினுக்கு எதிரே காணப்படும் அந்த நற்சாட்சிப் பத்திரம் பல சமயங்களில் பெனிசிலினின் கையெழுத்தோடு வந்ததே என்பதை ரிப்போர்ட்டை வாசிப்பவர்கள் கவனிப்பதில்லை.

"இன்று வசப்படுகிறது, நாளை மாறினால்?" என்ற கேள்விக்கும் விடை இல்லாமல் இல்லை. 2020இல், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கிடைத்த இரண்டு ஏ பிரிவுக் கிருமிகள், சுவர் கட்டும் புரதம் ஒன்றில் நேர்ந்த சிறு மாற்றத்தால், ஆம்பிசிலினுக்கு வழக்கத்தைப் போல எட்டு மடங்கு அளவு கேட்டன என்ற செய்தி வெளியாயிற்று. எட்டு மடங்கு கேட்டும் அவை வசப்படும் எல்லைக்குள்ளேயே இருந்தன. அவற்றில் செஃபோடாக்சிமின் பிடியும் தளர்ந்திருந்தது என்பதைத்தான் நம் நண்பர்கள் குறித்துக்கொள்ளவேண்டும். ஜப்பானில் கிடைத்த பி பிரிவுக் கிருமிகளின் சாட்சியம் இதைவிடத் தெளிவானது. பெனிசிலினுக்குச் சற்றே தளர்ந்த அக்கிருமிகளை ஆய்வகத்தில் கண்டுபிடிப்பதற்கு, செஃப்டிசாக்சிம், செஃப்டிபியூட்டன் முதலிய பின்தலைமுறைச் செஃபலோஸ்போரின் வில்லைகளைத் தட்டில் வைத்துப் பார்த்தார்கள். காரணம், பெனிசிலின் இலேசாகத் தடுமாறும் இடத்தில் அவை அடியோடு விழுந்துவிடுகின்றன. எதிர்காலத்துக்கு அஞ்சிப் புதிய மருந்தை நாடுகிறவர், முதலில் விழப்போகிற மரத்தின் கீழே ஒதுங்குகிறார்.

இப்போது பிரதிவாதிகளின் கையில் உள்ள மிகப் பலமான ஆயுதத்துக்கு வருகிறேன். மற்றவற்றைப் போல இதனைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. 2004இல் கேஸி, பிச்சிசெரோ என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், தொண்டை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் உள்ள குழந்தைகளிடம் நடத்தப்பட்ட 35 பரிசோதனைகளை ஒன்றாகத் திரட்டி, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் கணக்கைப் பார்த்து, பெனிசிலினைக் காட்டிலும் செஃபலோஸ்போரின்களே தொண்டையிலிருந்து கிருமியை அதிகமாக ஒழிக்கின்றன என்று எழுதினார்கள். அந்தக் கட்டுரை உலகமெங்கும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கு வேதவாக்கு ஆயிற்று. ஆனால் அக்கட்டுரையில் வெற்றி பெற்ற செஃபலோஸ்போரின்களின் பெயர்வரிசையைப் பொறுமையாகப் படித்தவர்கள் எத்தனை பேர்? செஃபிக்ஸிமும் செஃப்டிபியூட்டனும் அதில் உண்டு, மெய்தான். செஃபலெக்சின், செஃபட்ராக்சில் ஆகிய முதல் தலைமுறை மாத்திரைகளும் அதே வரிசையில், அதே வெற்றியோடு நிற்கின்றன. தலைமுறை ஏணிக்கு இதில் ஒரு படி கூடக் கிடைக்காது.

பெனிசிலின் தோற்றது என்ற பகுதிக்கும் அக்கட்டுரை வந்த பத்திரிகையில் அதே ஆண்டிலேயே ஷுல்மன், கெர்பர் என்னும் இரு நிபுணர்கள் பதில் எழுதினார்கள். பல குழந்தைகளின் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஒரு தீங்கும் செய்யாமல் மாதக்கணக்கில் குடியிருக்கும். அத்தகைய குழந்தைக்கு வைரஸால் தொண்டைப்புண் வந்து, துடைத்தெடுத்துச் சோதித்தால், கிருமி இருப்பதாகவே ரிப்போர்ட் வரும். சும்மா குடியிருக்கும் கிருமியை அகற்றுவதில் பெனிசிலின் கெட்டிக்கார மருந்து அல்ல. செஃபலோஸ்போரின்கள் இதில் மேல். ஆகவே நோயாளியோடு குடியிருப்புக்காரனையும் கலந்து எண்ணிய பரிசோதனைகளில் பெனிசிலின் தோற்றதுபோலக் காட்சி தருவது ஆச்சரியம் அல்ல. அகற்றவேண்டிய அவசியமே இல்லாத ஒன்றை அகற்றியதற்காக ஒரு மருந்துக்குப் பரிசு வழங்குவது விநோதமான நீதி. பின்னர் வந்த காக்ரேன் தொகுப்பாய்வுகளும், நோயின் குறிகள் தணிவதில் இரண்டுக்கும் இடையே நம்பத்தக்க வேற்றுமை உண்டென்று நிலைநாட்டவில்லை. வயது வந்தவர்களிடம் நோய் திரும்புவது செஃபலோஸ்போரினால் சிறிது குறையலாம் என்ற அளவிலேயே அவை நின்றுவிட்டன.

தொண்டையில் கிருமி எத்தனை நாள் இருக்கிறது என்பதற்காகவா நாம் இத்தனை பாடுபடுகிறோம்? நம்முடைய பயமெல்லாம் பின்னால் வரும் வாதக்காய்ச்சலையும், அது இருதய வால்வுகளைச் சுருக்கிக் குழந்தையை ஆயுள்பரியந்தம் நோயாளியாக்குவதையும் பற்றியது. இந்தியாவுக்கு அந்த வியாதி இன்னும் பழங்கதை ஆகவில்லை. அதைத் தடுக்கும் வல்லமை எந்த மருந்துக்கு நேராகவே நிரூபிக்கப்பட்டிருக்கிறது? அமெரிக்காவின் வையோமிங் மாகாணத்து வாரன் விமானப்படைத் தளத்தில் சிப்பாய்களிடையே நடத்தி, டென்னியும் அவருடைய சகாக்களும் 1950இல் வெளியிட்ட ஆராய்ச்சி, தொண்டைப்புண்ணுக்குப் பெனிசிலின் ஊசி போட்டால் வாதக்காய்ச்சல் வராமல் தடுக்கலாம் என்று காட்டிற்று. செஃபலோஸ்போரின்களுக்கு அப்படிப்பட்ட நேர்ச் சான்று இல்லை. தொண்டையில் கிருமி ஒழிகிறது, ஆகையால் வாதக்காய்ச்சலும் தடுக்கப்படும் என்ற அனுமானம் மட்டுமே உண்டு. அனுமானம் தவறு என்று நான் சொல்லவில்லை. பிரத்தியட்சத்தைக் கீழே தள்ளி அனுமானத்தைச் சிங்காசனத்தில் ஏற்றுவதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

நிமோகாக்கஸ் விஷயத்தில் நான் ஓரிடம் விட்டுக்கொடுக்கிறேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குலத்தைச் சேர்ந்த இக்கிருமி, தொண்டைக் கிருமியைப் போல விசுவாசம் காட்டவில்லை. பிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களின் மரபணுத் துண்டுகளை எடுத்துத் தன்னுடையவற்றோடு ஒட்டிக்கொள்ளும் சாமர்த்தியம் இதற்கு உண்டு. அவ்வாறு தன் சுவர் கட்டும் புரதங்களின் உருவத்தையே மாற்றி, 1967இல் ஆஸ்திரேலியாவில் பெனிசிலினுக்குத் தளர்ந்த வடிவத்தையும், 1977இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் மேலும் கடுமையான வடிவத்தையும் எடுத்துக் காட்டிற்று. மூளையுறைக் காய்ச்சலில் இன்று எடுத்த எடுப்பிலேயே செஃப்ட்ரையாக்சோன் கொடுப்பதும், எதிர்ப்புள்ள நிமோகாக்கஸ் உலவும் இடங்களில் அதோடு வாங்கோமைசினைச் சேர்ப்பதும் முற்றிலும் சரி. ஆனால் இது செஃப்ட்ரையாக்சோன் என்ற ஒரு மருந்தின் தனிப் பெருமையே தவிர, மூன்றாம் தலைமுறையின் குலப்பெருமை அல்ல: பெனிசிலினை எதிர்க்கும் நிமோகாக்கஸின் முன் செஃபிக்ஸிம் மாத்திரை ஒன்றுக்கும் உதவாது. அந்தத் தனிப் பெருமைக்கும் எல்லை உண்டு. உயர்ந்த அளவு பெனிசிலின் எதிர்ப்புக்கு நிமோகாக்கஸ் மூன்று புரதங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்க, செஃபோடாக்சிமையும் செஃப்ட்ரையாக்சோனையும் எதிர்ப்பதற்கு இரண்டை மாற்றினாலே போதும். மூன்றாவது புரதத்தை அந்த மருந்துகள் தொடக்கத்திலிருந்தே சரியாகப் பற்றுவதில்லை. அதன் விளைவாக, 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், பெனிசிலினைக் காட்டிலும் செஃபோடாக்சிமை அதிகமாக எதிர்க்கும் நிமோகாக்கஸ்களே தோன்றின. நுரையீரலில் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் வரை செஃப்ட்ரையாக்சோனுக்கு வசப்படுகிறது என்று எழுதும் ஆய்வகம், அதே கிருமி தண்டுவட நீரில் கிடைத்தால் 0.5 என்ற வரம்போடு நிறுத்திக்கொள்கிறது. ஒரே மருந்து, ஒரே கிருமி. உடலின் எந்த அறையில் சந்திக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது.

எண்டரோகாக்கஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1984 வரையில் இதுவும் டி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பெயரில் அதே குடும்பத்தில் இருந்தது. செஃபலெக்சின் முதல் செஃப்ட்ரையாக்சோன் வரை நாம் இங்கே பேசிய எந்தச் செஃபலோஸ்போரினும் தனித்து நின்று இதை அடக்காது. ஆம்பிசிலினுக்கோ இதன் பொதுவான வகை இன்றும் வசப்படுகிறது. புதிய செஃபலோஸ்போரின்களைத் தாராளமாக வழங்கும் ஆஸ்பத்திரிகளில் இக்கிருமி பெருகுவதற்குக் காரணமும் வெளிப்படை.

இத்தனை இருந்தும் நம் நாட்டில் செஃபிக்ஸிமுக்கு இந்த மகிமை எப்படி வந்தது என்று யோசித்தால், டைபாய்டு கிருமி பழைய மருந்துகளையும் பிறகு சிப்ரோஃப்ளாக்சசின் இனத்தையும் எதிர்க்கத் தொடங்கிய காலத்தில், விழுங்கக்கூடிய மாத்திரையாகக் கைகொடுத்தது இதுதான் என்பது ஒரு முக்கிய காரணமாகப் படுகிறது. டைபாய்டில் பெற்ற பெயரை வைத்துக்கொண்டு அது தொண்டைக்குள்ளும் தோல்புண்ணுக்குள்ளும் நுழைந்துவிட்டது. தோல்புண் விஷயத்தில் இது நகைப்புக்கும் அப்பாற்பட்டது: குழந்தைகளின் சீழ்ப்புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸோடு ஸ்டஃபைலோகாக்கஸும் கூட்டாளியாக இருப்பது வழக்கம், பழசு என்று ஒதுக்கப்பட்ட செஃபலெக்சின் பெரும்பாலும் இரண்டையும் அடக்கும், உயர்ந்தது என்று போற்றப்படும் செஃபிக்ஸிமுக்கோ ஸ்டஃபைலோகாக்கஸ் மேல் பயனுள்ள ஆட்சி இல்லை. இதற்கிடையே, தொண்டைக்கென்று விழுங்கிய அந்த மருந்து, கேட்பாரற்றுக் குடலில் இறங்கி, அங்கே வாழும் ஈ. கோலைக்குள் செஃபலோஸ்போரினைச் சிதைக்கவல்ல வகைகளை மட்டும் வாழவிட்டுப் போகிறது. இந்திய ஆஸ்பத்திரிகளில் நோய் உண்டாக்கும் ஈ. கோலைகளில் பெரும்பாலானவை மூன்றாம் தலைமுறை மருந்துகளை எதிர்க்கும் நிலைக்கு வந்துவிட்டன. உலக சுகாதார நிறுவனம் செஃபலெக்சினையும் செஃபசோலினையும் தாராளமாகப் பயன்படுத்தத்தக்க பட்டியலிலும், செஃபிக்ஸிமையும் செஃப்ட்ரையாக்சோனையும் கண்காணிக்க வேண்டிய பட்டியலிலும் வைத்திருப்பது இதனால்தான்.

பிரசவ வேளையில் தாயிடமிருந்து பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சிசுவைத் தொற்றாமலிருக்கக் கொடுக்கும் மருந்து பெனிசிலின். தாய்க்குப் பெனிசிலின் இலேசாக ஒத்துக்கொள்ளாது என்றால், வைத்திய சங்கங்களின் விதிகள் அடுத்தபடியாகச் சொல்வது எந்த மருந்தை? மூன்றாம் தலைமுறையை அல்ல. முதல் தலைமுறைச் செஃபசோலினை. பிறந்த சிசுவின் உயிரே பணயமாக உள்ள இடத்தில் பலவீனமான மருந்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று சொல்லப் பிரதிவாதிகளுக்குத் துணிவு உண்டா?

கடைசியாக ஒரு லௌகிக ஆட்சேபம் எஞ்சியிருக்கிறது. பெனிசிலின் மாத்திரை எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை, பென்சத்தீன் பெனிசிலின் ஊசி சில சமயம் ஊரிலேயே இருப்பதில்லை, போடுவதற்கும் பலர் அஞ்சுகிறார்கள் என்பார்கள். மெய்தான், லாபம் குறைந்த மருந்தைச் செய்வதில் கம்பெனிகளுக்கு உற்சாகம் இல்லை. ஆனால் பெனிசிலின் கிடைக்காத கடையிலும் அமாக்சிசிலின் கிடைக்கிறது. அது பெனிசிலினின் நேர் உறவு, விலையும் குறைவு. தொண்டைப்புண் வைரஸால் வந்தது அன்று, ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வந்ததே என்று தெரிந்த குழந்தைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம், 1000 மில்லிகிராமுக்கு மேற்படாமல், நாளுக்கு ஒருமுறையாகப் பத்து நாள் கொடுத்தால் போதும் என்று அமெரிக்கத் தொற்றுநோய் நிபுணர் சங்கத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி விதிக்கிறது. ஒத்துக்கொள்ளாமை இலேசாக உள்ளவர்களுக்கு அதே வழிகாட்டி பெயர் சொல்லிக் குறிப்பிடுவன செஃபலெக்சினும் செஃபட்ராக்சிலும். செஃபிக்ஸிம் முதலிய பரந்த ஆட்சியுள்ள மருந்துகளைக் காட்டிலும் இவற்றையே அது விரும்புகிறது.